மாமா வாசித்த பெயர்

அத்தியாயம் 12

பிரேயர் முடிந்ததும் மற்ற வகுப்புகளெல்லாம் கலைந்து போகலாம், பதினோராம் வகுப்பு மட்டும் நிற்கட்டும் என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். குரூப் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்தவர்கள் அந்த ஆசிரியருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

மைதானம் முழுக்க மஞ்சு இறங்கியிருந்தது. கொடிக்கம்பத்தின் உச்சி தெரியவில்லை. பிள்ளைகளெல்லாம் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நடுங்கினார்கள். வித்யாஸ்ரீக்கு மட்டும் குளிர் உறைக்கவே இல்லை. ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றாள்.

ஏன் இத்தனை அவசரம் என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறீர்கள் என்றால், உங்களுக்காக ஒரு நிமிடம்.

வித்யாஸ்ரீயின் அப்பா சுப்பண்ணன் மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கும் சோளமும் போடுகிற விவசாயி. அம்மா ஹேமலதாவுக்குக் கொல்லிமலை மேல் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. அதனால் தாயும் மகளும் மேலே, அப்பா கீழே. சனிக்கிழமை ஆனால் அவர் பஸ் ஏறி வந்துவிடுவார். ஹேமலதாவின் தம்பி நவநீதகிருஷ்ணன் இதே மலைப் பள்ளியில் காமர்ஸ் ஆசிரியர். அவரும் அவர் மனைவி பூங்கொடியும் பக்கத்துப் போர்ஷனில் இருக்கிறார்கள். நடுவில் சுவர் இருந்தாலும் சோறு ஒரே அடுப்பில்தான்.

வித்யாஸ்ரீக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். போகிற போக்கில் வந்த ஆசை இல்லை. கன்று போட முடியாமல் ஒரு கிடேரி மருந்தகத்து வாசலில் விழுந்து கிடந்ததும், டாக்டரம்மாவோடு சேர்ந்து இந்தப் பெண்ணும் இழுத்ததும், ரத்தமும் சளியுமாகக் கன்று இவள் மடியில் வந்து விழுந்ததும் மூன்றாம் அத்தியாயத்தில் நடந்தது. அன்றைக்கு எடுத்த முடிவு. அதற்குப் பிளஸ் ஒன்னில் பயாலஜி உள்ள சயின்ஸ் குரூப் எடுத்தாக வேண்டும். வேறு குரூப்பில் உட்கார்ந்தால் அந்தக் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தது மாமாதான். அன்று சாயங்காலம் சுப்பண்ணனிடம் அவர் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

"அம்மணிய டாக்டராக்குறது எம் பொறுப்புங்க மச்சான். நீங்க ஸ்கூல் பக்கமே வர வேண்டாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

சுப்பண்ணன் போகவில்லை. தாய்மாமன் அதே பள்ளியில் வாத்தியாராக இருக்கும்போது அப்பன் போய் நின்றால், மாமனை நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்? இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளை விஷயம் என்றால் மாமன் சொன்னதற்கு மேல் கேள்வி கிடையாது. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர் அவர். சீருக்குப் புடவை கொண்டு வந்தவர் அவர். குரூப் எடுப்பதையும் அதே கணக்கில் அவர் கையில் விட்டுவிட்டார்கள். நல்ல மரியாதைதான். அதுதான் இப்போது மைதானத்தில் வந்து நிற்கிறது.

முதலில் ஜெனிபர் டீச்சர் வந்தார். பயாலஜி டீச்சர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சயின்ஸ் குரூப் பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவராக நகர்ந்து போனார்கள். வித்யாஸ்ரீ காத்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவுதாம்மா. வாங்க, கிளாசுக்குப் போவோம்" என்றார் டீச்சர்.

முன்னால் வைத்த கால் அப்படியே நின்றது. விட்டுப் போயிருக்கும், கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் நவநீதகிருஷ்ணன் முன்னால் வந்துவிட்டார். நீலச் சட்டை. நேற்று சாயங்காலம் வித்யாஸ்ரீதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"காமர்ஸ்" என்றார் அவர். "கலைச்செல்வி. மணிவண்ணன். வித்யாஸ்ரீ."

பெயர்களுக்கு நடுவில் மூச்சுகூட விடவில்லை. கையிலிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்து ஒரு மனிதன் பிடிபடுவது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இன்னொரு வித்யாஸ்ரீ இருந்திருந்தால், இரண்டு பேரில் யார் என்று பார்க்கவாவது தலையைத் தூக்கியிருப்பார். இருப்பது ஒருத்திதான்.

கலைச்செல்வி ஓடி வந்து இவள் கையைப் பிடித்தாள். "வா புள்ள" என்று இழுத்துக்கொண்டு போய் மாமாவின் வரிசையில் நிறுத்தினாள்.

*

வகுப்பில் நவநீதகிருஷ்ணன் பலகைப் பக்கம் திரும்பி, வணிகம் என்றால் என்ன என்று எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"சார்" என்று எழுந்தாள் வித்யாஸ்ரீ.

பள்ளிக்குள் அவர் சார். கேட்டைத் தாண்டிவிட்டால் மாமா. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது இருவரும் பேசிவைத்துக்கொண்ட வழக்கம் அது. ஒரு நாளும் மாறியதில்லை.

"என்ன?"

"எம் பேரு இங்க தப்பா வந்துருச்சுங்க சார். நான் சயின்ஸ் குரூப்புங்க."

"உக்காரு."

"இல்லீங்க சார், ஜெனிபர் மிஸ்கிட்டக் கேட்டுட்டு..."

"உக்காருன்னு சொல்றேன்ல." இப்போதும் பலகையைப் பார்த்துத்தான் பேசினார். "ஊட்டுல பேசிக்கலாம்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வித்யாஸ்ரீ உட்கார்ந்தாள். காது இரண்டும் சுட்டது. ஏதோ தவறு நடந்திருக்கிறது, மாமா சாயங்காலம் சரிபண்ணிவிடுவார் என்று அந்த நிமிடத்திலும் நினைத்தாள். பதினைந்து வருடம் நம்பியவளுக்கு ஒரு பீரியடில் விட்டுப் போய்விடுமா?

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் கலைச்செல்வி கன்னத்தைக் கிள்ளினாள். திண்ணனூர் நாட்டுக்காரி; இந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"நீ வரமாட்டியோன்னு ராத்திரியெல்லாம் பயந்துட்டே கெடந்தேன். சொன்ன மாதிரியே வந்துட்ட."

"நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல, சார்தான் சொன்னாரு. மே மாசம் எங்கூருக்கு வந்தீங்கல்ல, அன்னிக்கு."

வித்யாஸ்ரீக்கு நினைவிருந்தது. லீவு நாளில் மலைப் பள்ளி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அப்படிப் போகாவிட்டால் பாதிப் பேர் கீழே வேலைக்குப் போய்விடுவார்கள். மாமா பைக்கில் கிளம்பும்போது "நீயும் வா அம்மணி, பேச்சுத்துணைக்கு" என்றார். வழியில் மிளகாய்ப் பொடி தூவிய அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுத்தார். கலைச்செல்வி வீட்டு வாசலில் புதுக் கன்று ஒன்று நின்றது. இவள் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றுவிட்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கவனிக்கவில்லை.

"எங்கம்மா கேட்டுச்சு புள்ள. 'ஏனுங்க சார், உங்க ஊட்டுப் புள்ளைய எதுல போட்டிருக்கீங்க'ன்னு. எங்கூர்ல யாரு வந்தாலும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. வெதை விக்க வந்தாலும் கேப்பாங்க, உன்ற காட்டுல இதப் போட்டிருக்கியான்னு. சார் உன்னயக் கையக் காட்டி, 'அதோ நிக்குதே எங்கக்கா மக, அதுவே காமர்ஸ்தான் எடுக்குது'ன்னாரு. எங்கம்மா எட்டி உன்னயப் பாத்துச்சு. அப்பறந்தான் சரின்னுச்சு."

"உனக்கு நர்சாகோணும்னல்ல இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீயே டாக்டர விட்டுட்டியாம், நான் என்ன பெரிய இவளான்னு விட்டுட்டேன்." கலைச்செல்வி சிரித்தாள். "எங்கம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். நல்ல வழி காட்டுனாருன்னு சாருக்கு ஒரு பாட்டில் தேன் குடுத்தனுப்புச்சே, நீ சாப்புட்டியா?"

சாப்பிட்டிருக்கிறாள். இரண்டு வாரமாகத் தோசைக்கு அந்தத் தேனைத்தான் தொட்டுக்கொண்டாள். எங்கே வாங்கினீங்க மாமா என்று கேட்டதற்கு, தெரிஞ்சவங்க குடுத்தாங்க என்றார்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்கிறவர்கள் ஒரு நல்ல பழத்தை அரிந்து முன்னால் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குவார்கள். அந்தப் பழத்திடம் கேட்டுக்கொண்டு யாரும் அதை அரிவதில்லை. மாமா தன்னை அழைத்துப் போனது பேச்சுத்துணைக்கு இல்லை என்று வித்யாஸ்ரீக்குப் புரிந்தது.

"கலை, நான் காமர்ஸ் எடுக்கவே இல்ல. எனக்கு இன்னிக்குப் பேரு வாசிக்கும்போதுதான் தெரியும்."

கலைச்செல்வியின் சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆயிற்று. "அப்ப சார் சொன்னது?"

பெல் அடித்தது.

*

மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஜெனிபர் டீச்சரைப் பிடித்தாள்.

"உன் பேரு எங்கிட்ட வரவே இல்லியேம்மா" என்றார் டீச்சர். "பாப்பா மனசு மாத்திக்கிட்டான்னு சார்தான் சொன்னாரு. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன். எனக்கு வருத்தந்தான்."

"இடம் இருக்குங்களா மிஸ்?"

"இருக்கு. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் மாத்திக்கலாம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பிருவாங்க, அசைக்க முடியாது. அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து எச்.எம்.கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"சார் ஏன் மிஸ் இப்படிப் பண்ணுனாரு?"

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தணித்தார். "காமர்ஸ்ல புள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே வருது. இந்த வருசமும் குறைஞ்சா அவரு போஸ்ட் சர்ப்ளஸ். எந்த மாவட்டத்துக்குத் தூக்கிப் போடுவாங்கன்னு தெரியாது. அதுக்காக அவரு பண்ணது சரின்னு சொல்லல. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராத."

டீச்சரின் போனிலேயே அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சுப்பண்ணன் காட்டில் இருந்தால் போன் வீட்டில் ஆணியில், பைக்குள் தொங்கும். சாப்பிட வந்தால்தான் எடுப்பார்.

பரவாயில்லை, அம்மா இருக்கிறாளே. மருந்தகம் நடக்கிற தூரம்தான். டிபன் பாக்ஸை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வித்யாஸ்ரீ ஓடினாள். அம்மா கேட்டால் கொதிப்பாள். மாமா என்றுகூடப் பார்க்க மாட்டாள். மருந்துப் பெயர்களையெல்லாம் சமையல் செய்துகொண்டே சொல்லிக் கொடுத்தவள் அம்மா. கன்று விழுந்த அன்றைக்கு, பாவாடையெல்லாம் ரத்தமாக நின்ற மகளைப் பார்த்து அழுதவள் அம்மா.

ஹேமலதா ஒரு ஜெர்சிக் கிடேரியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"அம்மா, என்னயக் காமர்ஸ்ல போட்டுட்டாங்கம்மா!"

ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். "சாப்புட்டியா கண்ணு?"

அவ்வளவுதான் கேட்டாள். ஐயோ என்று சொல்லவில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்த கை அசையக்கூட இல்லை. வித்யாஸ்ரீ ஓடி வந்த மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"மெதுவாப் பேசு சாமி. டாக்டரம்மா உள்ள இருக்காங்க."

"தெரியுமா, தெரியாதா?"

ஹேமலதா கயிற்றைத் தூணில் கட்டினாள். "தெரியும்" என்றாள்.

வித்யாஸ்ரீ அழவில்லை. அழுகை வரும் என்றுதான் அவளே நினைத்தாள். வந்தது எரிச்சல்.

"பூங்கொடிக்கு இத்தன வருசங் கழிச்சு இப்பத்தான் ஒண்ணு தங்கியிருக்கு" என்றாள் ஹேமலதா. "படுக்கைய வுட்டு எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. இப்பப் போயி உங்க மாமன எங்கியோ ஒரு கோடியில தூக்கிப் போட்டா அந்தப் புள்ளைய ஆரு பாக்கறது? இத்தன கொண்டை ஊசி வளைவுல வண்டியில கூட்டிட்டு எறங்குனா அது நிக்குமா? நீயே சொல்லு."

"எங்கிட்ட இதச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"தெரியலம்மா. ஆனா கேட்டிருக்கோணும். எம் பேரத்தான எடுத்துப் போட்டீங்க?"

"ரெண்டு வருசம் கண்ணு. காமர்ஸ் படிச்சாலும் பேங்க் பரீச்சை எழுதலாம், ஆபீஸ் வேலைக்குப் போலாம்..."

"மாட்டு டாக்டருக்குப் போக முடியாது. இது தெரியாத ஒருத்தங்க சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். தினம் டாக்டரம்மா கையில ஊசி எடுத்துக் குடுக்கறவ நீ. நீ சொல்ற."

"அம்மா இல்லாத பையன் அவன். இந்த இடுப்புல வச்சு வளத்தேன்."

"என்னய எங்க வச்சு வளத்த?"

கிடேரி தலையை ஆட்டியது. வித்யாஸ்ரீ அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா. எச்.எம்.கிட்ட ஒரே ஒரு வார்த்தை. மாமாவுக்கு வேற வழி பாக்கலாம், நானும் பாக்கறேன். இப்ப வா."

"நான் வரல கண்ணு." கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "உங்கப்பாகிட்டயும் சொல்லீராத. அவரு மச்சான் மாப்பிள்ளைன்னு பாக்க மாட்டாரு, கைய நீட்டிருவாரு. நாளைக்கு ஒரு நாளு போவட்டும். அப்பறம் நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்."

நாளைக்கு ஒரு நாள். அம்மாவுக்குத் தேதிகூடத் தெரிந்திருக்கிறது.

ஹேமலதாவைப் பற்றி இத்தனை வாரமும் நான் ஒரு குறை சொன்னதில்லை. புருஷனை விட்டுப் பிரிந்து மலையில் தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள், தம்பிக்குத் தாயாக நின்றவள் என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு பேரில் ஒருவரை விட வேண்டும் என்று வந்ததும், எதிர்த்துக் கேட்காது என்று நினைத்த பிள்ளையை விட்டாளே, அதை என்னால் மூடி எழுத முடியவில்லை.

*

பள்ளி விட்டுக் கேட்டுக்கு வரும்போதுதான் கலைச்செல்வி வாயைத் திறந்தாள்.

"நீ போயிருவ. உங்கப்பா வந்து ஒரு சத்தம் போட்டா மாத்திக் குடுத்துருவாங்க."

"நீயும் மாறு. இடம் இருக்காம்."

"எங்கம்மா வந்து சொல்லோணுமே. நான் போயிச் சொன்னா நம்பாது. சார் பொய் சொல்லுவாரா, அதுவும் சொந்த அக்கா மகள வச்சுன்னு என்னயத்தான் வையும்." கலைச்செல்வி பையை மாட்டிக்கொண்டாள். "உன்னயப் பாத்துத்தான் அது சரின்னுச்சு. நான் உன்ன ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். வித்யாஸ்ரீக்குக் காலையிலிருந்து பட்டதிலெல்லாம் இதுதான் ஆழமாகப் பட்டது. மாமா தன்னை ஏமாற்றினார், சரி. தன்னை வைத்து இன்னொருத்தியையும் ஏமாற்றியிருக்கிறார். தான் ஒருத்தி மட்டும் நாளைக்குச் சயின்ஸ் குரூப்பில் போய் உட்கார்ந்தால், அந்தப் பொய்யில் தனக்கும் பங்கு வந்துவிடும்.

பஸ் நிற்குமிடத்தில் இரண்டு பஸ்கள் நின்றன. சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. திண்ணனூர் நாட்டுக்குப் போகிற பஸ் அதற்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. நடுவில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நவநீதகிருஷ்ணன் காத்திருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்து நீட்டினார். மிளகாய்ப் பொடி தூவிய அன்னாசித் துண்டுகள்.

"மத்தியானம் சோறே திங்கலியாம். அக்கா போன் பண்ணுச்சு. வா அம்மணி, வண்டியில ஏறு."

வித்யாஸ்ரீ பொட்டலத்தை வாங்கவில்லை.

"கலைச்செல்வி ஊட்டு வாசல்ல என்னயக் கையக் காட்டுனீங்களா, இல்லீங்களா?"

அவர் முகம் மாறியது. நாள் முழுக்க அவர் தயார்செய்து வைத்திருந்தது வேறு கேள்விகளுக்கு. "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவுங்க புள்ளைய அனுப்பமாட்டேன்னுட்டாங்க, என்ன பண்றது? அந்தப் புள்ளையும் காமர்ஸ் படிச்சு ஒரு வேலைக்குப் போயிருமில்ல? நான் கெடுதலா பண்ணுனேன்?"

"அவளுக்கு நர்சாகோணும். எனக்கு மாட்டு டாக்டராகோணும். ரெண்டும் உங்களுக்குத் தெரியும்."

"உங்க அத்தைய நெனச்சுப் பாரு கண்ணு. ஒரு நிமிசம் நெனச்சுப் பாரு." அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

"அத்தைக்குத் தெரியுமா?"

அவர் தலையை அசைத்தார். தெரியாது.

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மச்சான். காட்டிலிருந்து வந்து போனைப் பார்த்திருப்பார் சுப்பண்ணன். தெரியாத நம்பரிலிருந்து வந்த அழைப்பு என்னவென்று கேட்கவோ, முதல் நாள் எப்படிப் போயிற்று என்று கேட்கவோ கூப்பிடுகிறார். நவநீதகிருஷ்ணன் எடுக்கவில்லை. மணி ஓய்ந்தது. உடனே திரும்பவும் அடித்தது.

"உங்கப்பாகிட்டப் போறியா?" என்றார். சேந்தமங்கலம் பஸ்ஸைப் பார்த்தார். தோள் கொஞ்சம் தளர்ந்தது. "போ. போயிச் சொல்லு. மச்சான் அடிச்சாலும் வாங்கிக்கறேன், கால்ல வுழச் சொன்னாலும் வுழறேன். நமக்குள்ள எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம்."

அவர் மனதில் இருந்தது அதுதான். அப்பா வந்தாலும் சொந்தத்துக்குள் முடிந்துவிடும். அக்கா நடுவில் வந்து நிற்பாள். படுத்திருக்கும் பூங்கொடியின் பெயரைச் சொன்னால் சுப்பண்ணனின் ஓங்கிய கையும் இறங்கிவிடும். வித்யாஸ்ரீக்கும் அது தெரியாமல் இல்லை.

அவள் சேந்தமங்கலம் பஸ்ஸை நோக்கி நடந்தாள். படிக்கட்டைத் தாண்டினாள். பஸ்ஸின் பின்பக்கத்தையும் தாண்டினாள். பின்னால் நின்ற திண்ணனூர் நாட்டு பஸ்ஸில் ஏறி, கலைச்செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ எங்க புள்ள வாற?" என்றாள் கலைச்செல்வி.

"உங்கூட்டுக்கு. உங்கம்மா என்னயப் பாத்துத்தான சரின்னுச்சு? நானே வந்து சொல்றேன். நாளைக்குக் காலைல உங்கம்மாளயும் கூட்டிட்டு வருவோம். அங்க இருந்தே எங்கப்பாவுக்கும் போன் பண்ணுவோம்."

நவநீதகிருஷ்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா மகள் அப்பனிடம் போனால் ஒரு பெயர்தான் குறையும். கலைச்செல்வியின் அம்மா பெருமாயி வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னால், அந்த ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் போய்விடுவார்கள். குண்டூர் நாடு வரைக்கும் பேச்சு பரவும். இனி எந்த வாசலில் போய் நின்றாலும், உங்க ஊட்டுப் புள்ளைய எதுல போட்டிருக்கீங்க என்று யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

பொட்டலம் கீழே விழுந்தது. பைக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"வித்யா! எறங்கு கண்ணு. சொன்னாக் கேளு. எதுன்னாலும் ஊட்டுல பேசிக்கலாம்."

வித்யாஸ்ரீ அவரை நேராகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"பேசிக்கலாங்க சார்" என்றாள். "அவுங்க ஊட்டுல."